ஐயாயிரம் டாலருக்குப் பழைய கார்: கோபால்ட், சிவிக், கொரோலா, ஃபோகஸ் – எதை எடுக்கலாம்?

அக்கா பையன் போன ஆகஸ்டில் எம்எஸ் படிக்க டல்லாஸ் பக்கம் வந்து இறங்கினான். இரண்டாவது வாரமே கார் தேட வேண்டியதாகிவிட்டது. வீட்டிலிருந்து மளிகைக் கடை மூன்று மைல், அந்த வெயிலில் நடந்து போக முடியாது. படிப்பு முடித்துக் கிளம்புகிறவர்கள் வாட்சாப் குழுவில் போடும் விளம்பரங்கள், ஊர் ஓரத்துச் சின்ன டீலர்கள் என்று அலைந்து, கடைசியில் நான்கு கார்களின் படத்தை எனக்கு அனுப்பினான். 2008 ஷெவர்லே கோபால்ட், 2008 ஹோண்டா சிவிக், 2011 டொயோட்டா கொரோலா, 2013 ஃபோர்டு ஃபோகஸ். எல்லாமே ஐயாயிரம் டாலருக்கு முன்னே பின்னே.

"மாமா, ஃபோகஸ்தான் இருக்கறதுலயே புதுசு, மைலும் கம்மி. கொரோலாவுக்கு ரீகால்னு தேடினா பக்கம் பக்கமா வருது. பேசாம ஃபோகஸ் எடுத்துடட்டுமா?"

வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. இதே நான்கு கார்களுக்கு நடுவில்தான் வருஷா வருஷம் நம் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள் என்பதால் அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் என் கதை. மாணவனாக இருந்தபோது நானும் ஒரு பழைய கார் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். மூன்று வருஷம் ஓட்டி, விற்கப் போகும் நேரத்தில்தான் அதன் மேல் ஒரு ரீகால் பாக்கி இருந்தது தெரிந்தது. கம்பெனி கடிதம் போட்டுத்தான் இருக்கிறது. ஆனால் அது எனக்கு முன்னால் வைத்திருந்தவரின் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. மூன்று வருஷம், நண்பர்களை ஏற்றிக்கொண்டு, ஒரு தடவை அம்மா அப்பாவையும் ஏற்றிக்கொண்டு, அந்தக் காரில் போயிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அன்றிலிருந்து யார் பழைய கார் வாங்கினாலும் நான் முதலில் கேட்பது வின் எண்ணைத்தான். முன் கண்ணாடியின் கீழ் ஓரத்திலும் ஓட்டுநர் கதவின் சட்டத்திலும் இருக்கும், ஒவ்வொரு காருக்கும் தனியாகக் கொடுத்த அந்த 17 எழுத்து எண்.

பக்கம் பக்கமாக ரீகால் வருகிறது என்று பையன் பயந்தானே, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். ரீகால் என்பது ஒரு கார் மோசம் என்பதற்கான முத்திரை அல்ல. பாதுகாப்பில் குறை இருக்கிறது என்று கம்பெனியோ, என்எச்டிஎஸ்ஏ என்ற அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்போ கண்டுபிடித்து, கம்பெனி தன் செலவில் சரிசெய்து தருவதற்குப் பெயர்தான் ரீகால். ரீகால் அறிவிக்கும்போது கார் முதன்முதலாக விற்று 15 ஆண்டு தாண்டாமல் இருந்தால், பழுது நீக்குவது இலவசம். நீங்கள் எத்தனையாவது உரிமையாளர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இன்னொரு வகைக் குறை இருக்கிறது. ஊருக்கே தெரியும், கம்பெனிக்கும் தெரியும், ஆனால் ரீகால் வரவே வராது. வாரண்டியைக் கொஞ்ச காலம் நீட்டித் தருவார்கள், அதுவும் ஒரு நாள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு செலவு முழுவதும் உங்கள் தலையில். பழைய கார் வாங்குகிறவர் பயப்பட வேண்டியது இந்த இரண்டாவது வகைக்கு.

ஃபோகஸ் அதற்குச் சரியான உதாரணம். 2012-லிருந்து வந்த ஃபோகஸில் ஆட்டோமேட்டிக் என்று சொல்லி விற்றது வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இல்லை. இரண்டு கிளட்ச் வைத்து, அவற்றைக் கம்ப்யூட்டரே மாற்றி மாற்றிப் பிடித்துவிடும் அமைப்பு. பவர்ஷிஃப்ட் என்று பெயர், மெக்கானிக்குகள் டிபிஎஸ்6 என்பார்கள். கிளட்ச் எண்ணெயில் மூழ்காமல் உலர்ந்தே ஓடுகிற வகை. பெட்ரோல் மிச்சமாகும் என்றுதான் அப்படிச் செய்தார்கள். ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஊர்ந்து போகும்போது கிளட்ச் சூடாகி, கார் நடுங்க ஆரம்பிக்கும். அப்புறம் கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் டிசிஎம் என்ற கம்ப்யூட்டர் பெட்டியும் கெட்டுப்போகும். அது கெட்டால் கார் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவையும் போகலாம். ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு அமெரிக்காவில் ரீகால் வரவில்லை. ஃபோர்டு வாரண்டியை நீட்டியது: கிளட்சுக்கு 7 ஆண்டு அல்லது 1,00,000 மைல், டிசிஎம்முக்கு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல். ஆஸ்திரேலியாவில் இந்தக் கியர்பாக்ஸ் பற்றிப் புகார் செய்த வாடிக்கையாளர்களை ஃபோர்டு நடத்திய விதத்துக்காக 2018-ல் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அமெரிக்காவில் கூட்டு வழக்கு 2020-ல் சமரசத்தில் முடிந்தது. ஆனால் பையன் பார்த்தது 2013 வண்டி. கிளட்ச் வாரண்டி 2020 வாக்கில் முடிந்தது, டிசிஎம் வாரண்டி 2023 வாக்கில் முடிந்தது. இன்றைக்கு அது நடுங்க ஆரம்பித்தால், காரின் விலையில் பெரும்பங்கை ஒர்க்ஷாப்பில் வைத்துவிட்டு வர வேண்டும். மைல் குறைவாக இருப்பதிலும் மயங்க வேண்டாம். அந்த மைலெல்லாம் ஊருக்குள் ஊர்ந்து ஊர்ந்தே ஓடியிருந்தால் இந்தக் கிளட்சுக்கு அதுதான் பெரிய கெடுதல்.

இதே ஃபோகஸுக்கு வேறு ரீகால்களும் உண்டு. கதவுத் தாழ்ப்பாளுக்கு ஒன்று. பெட்ரோல் ஆவியைக் கட்டுப்படுத்தும் பர்ஜ் வால்வுக்கு 2018-ல் இன்னொன்று. அந்த வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால் டேங்க் உள்வாங்கி, எஞ்சின் நின்றுபோகலாம். சரிசெய்யும் வரை டேங்கைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள் என்று கம்பெனியே சொன்னது. இவை இரண்டும் இலவசமாகத் தீரும். தீராதது கியர்பாக்ஸ் மட்டும்தான், ரீகால் பட்டியலில் இல்லாததும் அதுதான். பையன் பட்டியலின் நீளத்தை வைத்து முடிவு செய்யப் பார்த்தான். பெரிய ஆபத்து பட்டியலுக்கு வெளியே இருந்தது.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்வேன். ஐந்து கியர் மேனுவல் ஃபோகஸ் கிடைத்தால் தாராளமாகப் பாருங்கள். அதில் இந்த டிபிஎஸ்6 தொல்லையே இல்லை, ஓட்டவும் அருமையான கார். அமெரிக்காவில் மேனுவல் தெரிந்தவர்கள் குறைவு, அதனால் வாங்க ஆள் இல்லாமல் விலை இறங்கிக் கிடக்கும். நம் ஊரில் மாருதியில் கிளட்ச் மிதித்துப் பழகி லைசென்ஸ் எடுத்த பிள்ளைகளுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

அடுத்து கோபால்ட். நான்கில் விலை குறைவு இதற்குத்தான். 2005 முதல் 2010 வரை வந்த கார். இதன் சாவித் துளைக்குப் பின்னால் இருக்கும் ஸ்விட்சில் ஒரு சின்ன ஸ்பிரிங் போதுமான அழுத்தம் இல்லாமல் இருந்தது. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ, முழங்கால் இடித்தாலோ, ஒரு பெரிய பள்ளத்தில் கார் குதித்தாலோ, சாவி தானாக ஒரு படி பின்னுக்குத் திரும்பிவிடும். ஓடும் காரில் எஞ்சின் நிற்கும். ஸ்டியரிங் இறுகும், பிரேக்குக்கு உதவி போய்விடும். கொடுமை என்னவென்றால், மோதும்போது ஏர்பேக்கும் விரியாது, ஏனென்றால் கார் அணைந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். ஜெனரல் மோட்டார்ஸ் 2014 பிப்ரவரியில்தான் ரீகால் அறிவித்தது. கம்பெனிக்குள் இந்த ஸ்விட்ச் கோளாறு அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே தெரியும். இதே ஸ்விட்ச் போட்ட எல்லா மாடல்களையும் சேர்த்து 26 லட்சம் கார்கள். கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்குப் பணம் கொடுத்தது.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. 2006 வாக்கில் அந்த ஸ்விட்சைச் சத்தமில்லாமல் திருத்தினார்கள், ஆனால் பாக எண்ணை மாற்றவில்லை. பழைய ஸ்விட்சும் புதிய ஸ்விட்சும் ஒரே எண்ணில் கடைகளில் கிடந்தன. எந்தக் காருக்குள் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போனது. பழுதுபார்க்கும்போது பழைய ஸ்விட்சை மாட்டியிருக்கலாம் என்ற சந்தேகத்தில், 2008 முதல் வந்த கார்களையும் சேர்த்து அழைக்க வேண்டி வந்தது. பையன் பார்த்த 2008 கோபால்ட் அந்த வரிசையில் வருவது. ஸ்விட்ச், சாவித் துளை, சாவி எல்லாவற்றையும் டீலரிடம் மாற்றியதற்கான தாள் இருந்தால், அந்த ஆபத்து முடிந்தது. கோபால்ட்டுக்கு 2010-ல் மின் பவர் ஸ்டியரிங்குக்காகவும் ஒரு பெரிய ரீகால் வந்தது. அதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இரண்டு தாளும் இல்லாத கோபால்ட்டை, ஆயிரம் டாலர் குறைத்துத் தந்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இப்போது சிவிக்கும் கொரோலாவும். இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டிய காரணம் டகாட்டா ஏர்பேக். ஏர்பேக்கை ஊத வைப்பது இன்ஃப்ளேட்டர் என்ற சின்ன உலோகக் குப்பி. டகாட்டா கம்பெனி அதற்குள் அம்மோனியம் நைட்ரேட் வைத்தது. விலை மலிவு, ஆனால் ஈரம் பட்டால் காலப்போக்கில் அதன் கட்டிகள் கெட்டுப்போகும். ஈரத்தை உறிஞ்சும் பொருளும் பெரும்பாலான குப்பிகளில் இல்லை. வருஷக்கணக்கில் வெயிலில் சூடாகி இரவில் ஆறி, புழுக்கத்தில் ஊறிய பிறகு, ஒரு நாள் மோதல் நடந்தால் அது மளமளவென்று எரிந்து குப்பியையே வெடிக்க வைக்கும். உலோகத் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாயும். உயிரைக் காக்க வேண்டிய பொருளே உயிரை எடுக்கும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் ரீகாலில் வந்தன, 25-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டகாட்டா 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, திவாலும் ஆனது.

வெயிலும் புழுக்கமும் கூடினால் ஆபத்தும் கூடும். அதனால் டெக்சஸ், ஃபுளோரிடா, லூசியானா போன்ற மாநிலங்களில் காலம் கழித்த கார்களுக்கு முதலில் மாற்ற வேண்டும் என்று தனி வரிசையே வைத்தார்கள். பழைய கார் வாங்கும்போது அது எந்த மாநிலத்தில் ஓடியது என்று கேட்கச் சொல்வது இதற்காகவும்தான். வடக்கில் ஓடியது என்றால் பனிக்குப் போடும் உப்பால் துரு, தெற்கில் ஓடியது என்றால் இந்த ஈரம்.

சிவிக்கில் 2001 முதல் 2011 வரையிலான மாடல்கள் டகாட்டா ரீகாலுக்குள் வருகின்றன. இதில் 2001, 2002 சிவிக்கைப் பற்றி ஒன்றைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவற்றில் சிலவற்றில் இருந்த இன்ஃப்ளேட்டர் வகை, மோதலில் வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை என்று என்எச்டிஎஸ்ஏ 2016-ல் எச்சரித்தது. இரண்டாயிரம் டாலருக்குக் கிடைக்கிறதே என்று யாராவது அந்தக் காரைக் காட்டினால், பாக்கி ரீகால் இருந்தால் டெஸ்ட் டிரைவுக்குக்கூட அதில் ஏறாதீர்கள். 2003, 2004 கொரோலாவும் அப்படியே. மாற்றாத கார்களை ஓட்டவே வேண்டாம் என்று டொயோட்டா 2024 தொடக்கத்தில் அறிவித்தது.

பையன் பார்த்த 2008 சிவிக்குக்குத் திரும்புவோம். ஏர்பேக் மாற்றியிருந்தால் அந்தக் கவலை தீர்ந்தது. ஆனால் அதில் ஃபோகஸ் மாதிரியே ரீகாலுக்கு வெளியே ஒரு குறை உண்டு. 2006 முதல் 2008 வரை, 2009-ன் தொடக்கம் வரைகூட, அந்த 1.8 லிட்டர் எஞ்சினின் பிளாக்கில், அதாவது எஞ்சினின் உடலில், விரிசல் விட்டு, எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் திரவம் கசிந்தது. ஹோண்டா வாரண்டியை 10 ஆண்டு வரை நீட்டிப் பல எஞ்சின்களை மாற்றிக் கொடுத்தது. அந்தக் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது. எஞ்சின் மாற்றிய சீட்டு இருந்தால் இந்த 2008 சிவிக் ஒரு நல்ல கண்டுபிடிப்பு, தைரியமாக எடுக்கலாம். சீட்டு இல்லை என்றால், எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பார்த்து வைத்து, நன்றாக ஓட்டி, மறுநாள் மறுபடி பார்க்க வேண்டும். ஒரு நாள்கூடப் பொறுக்க முடியாது, இன்றே முடிவு சொல் என்கிற விற்பவரிடம் வாங்காதீர்கள். சிவிக்தான் வேண்டும் என்றால் என் தேர்வு 2010 அல்லது 2011.

கொரோலாவின் நீண்ட பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் பயம் பாதியாகக் குறையும். 2009, 2010 மாடல்களுக்கு வந்தவை தரைவிரிப்பில் ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொள்வதற்கான ரீகாலும், பெடல் திரும்பி வராமல் ஒட்டிக்கொள்வதற்கான ரீகாலும். 2010 ஜனவரியில் இதற்காக எட்டு மாடல்களின் விற்பனையையே டொயோட்டா நிறுத்தி வைத்தது. எலக்ட்ரானிக்ஸில்தான் கோளாறு என்று பலர் சந்தேகப்பட்டதால் நாசா பொறியாளர்களை வைத்து ஆராய்ந்தார்கள். அப்படி ஒரு காரணம் கிடைக்கவில்லை என்று 2011-ல் அறிக்கை வந்தது. அதற்காக டொயோட்டா தப்பித்துவிடவில்லை, மக்களிடம் உண்மையை மறைத்ததற்காக 2014-ல் 120 கோடி டாலர் கட்டியது. பெடலுக்கான தீர்வு ஓர் இரும்புத் தகடு, அவ்வளவுதான்.

2011 கொரோலாவில் பார்க்க வேண்டியவை முக்கியமாக இரண்டு. ஒன்று முன்பக்கப் பயணிக்கான டகாட்டா ஏர்பேக். இன்னொன்று 2020 ஜனவரியில் வந்தது: மோதும் நேரத்தில் மின் இரைச்சலால் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி குழம்பி, ஏர்பேக் விரியாமல் போகலாம். 2011 முதல் 2019 வரையிலான கொரோலாக்கள் அதில் உண்டு. இரண்டும் டீலரிடம் இலவசம். இவை போக இந்தக் காருக்குத் தெரிந்த குறை என்றால் தண்ணீர் பம்ப் கசிவதுதான், அது தெருமுனை மெக்கானிக்கே முடித்துத் தரும் வேலை. எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டிலும் பெரிய மர்மம் எதுவும் இல்லை. அலுப்பான கார்தான், இருக்கையும் சத்தமும் சுமார்தான். ஆனாலும் பக்கம் பக்கமாக ரீகால் வந்த கொரோலாவின் ஆபத்துகளுக்கு எல்லாம் மருந்து இருக்கிறது, மருந்தும் இலவசம். அதனால்தான் பையனிடம் அதைக் கைகாட்டினேன்.

ஹூண்டாய் எலான்ட்ரா எப்படி என்றும் கேட்டான். 2011 முதல் 2015 வரையிலான எலான்ட்ராக்களுக்கு பிரேக்கைச் சேர்ந்த ஏபிஎஸ் பகுதியில் தீப்பிடிக்கலாம் என்று 2023-ல் ரீகால் வந்தது, சரிசெய்யும் வரை வீட்டை விட்டுத் தள்ளி வெளியே நிறுத்தச் சொன்னார்கள். சாவி திருகும் மாடல்களில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் கிடையாது, களவு போவது அதிகம். அதனால் சில ஊர்களில் இன்சூரன்ஸே கிடைப்பது கடினமாக இருந்தது. மாணவர் குடியிருப்பின் திறந்தவெளியில் நிறுத்தப் போகிறவனுக்கு அது ஒத்துவராது.

வின் எண்ணை வைத்துப் பார்ப்பதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. என்எச்டிஎஸ்ஏ தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சரிசெய்யாத ரீகால் மட்டும் வரும். ஆனால் 15 ஆண்டுக்கு மேல் பழையவற்றை அது பொதுவாகக் காட்டாது. கோபால்ட்டின் 2010 ஸ்டியரிங் ரீகாலைத் தனியாகக் கேட்கச் சொன்னது இதற்காக. கம்பெனியின் சொந்தத் தளத்திலும் பாருங்கள், பக்கத்து டீலரின் சர்வீஸ் பிரிவுக்கு ஃபோன் போட்டு எண்ணைச் சொல்லியும் கேளுங்கள், ஐந்து நிமிஷ வேலை. "ஏர்பேக் மாத்தியாச்சு" என்று விற்பவர் பழைய பில்லைக் காட்டினாலும் விடாதீர்கள். ஹோண்டாவில் முதல் சுற்றில் மாற்றிப் போட்டதே டகாட்டா இன்ஃப்ளேட்டராக இருந்து, 2019-ல் பன்னிரண்டு லட்சம் கார்களை மறுபடி அழைத்தார்கள்.

இரண்டாவது ஓட்டை இன்னும் மோசம். விபத்தில் அடிபட்டு, டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தில் சால்வேஜ் அல்லது ரீபில்ட் என்று எழுதிய கார்களில், விரிந்துபோன ஏர்பேக்குக்குப் பதிலாகக் காயலான்கடைப் பொருளோ போலிப் பொருளோ உள்ளே இருக்கலாம். மலிவுப் போலி இன்ஃப்ளேட்டர்களால் உயிர்கள் போயிருக்கின்றன என்று என்எச்டிஎஸ்ஏ 2024-ல் எச்சரித்தது. வின் எண் அதைக் காட்டவே காட்டாது. ரீபில்ட் டைட்டில் கார் எவ்வளவு மலிவாக இருந்தாலும், நம் வீட்டுப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

டீலரிடம் வாங்கினால் ரீகாலைச் சரிசெய்துதான் தருவார்கள் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். புதிய காரைப் பாக்கி ரீகாலோடு விற்கக் கூடாது. 35 கார்களுக்கு மேல் வைத்திருக்கும் வாடகைக் கம்பெனியும், 2016-லிருந்து, பாக்கியுள்ள காரை வாடகைக்கு விடக் கூடாது. ஆனால் பழைய கார் டீலருக்கு நாடு தழுவிய அப்படி ஒரு தடை இல்லை. தனியாள் விற்பவருக்கும் இல்லை. இது எனக்குத் துளியும் நியாயமாகப் படவில்லை. வாடகைக்கு ஒரு நாள் எடுப்பவருக்கு உள்ள பாதுகாப்பு, பத்து வருஷம் ஓட்டப் போகிறவருக்கு இல்லை. சட்டம் மாறும் வரை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். படிப்பு முடித்து ஜூனியருக்குக் காரை விற்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: பாக்கியை முடித்துவிட்டு விற்றுவிடுங்கள். ஒரு காலைப்பொழுது போகும், ஒரு காசும் செலவில்லை.

பையன் கடைசியில் 2011 கொரோலாவையே எடுத்தான், ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு. டைட்டில் சுத்தம். பயணி ஏர்பேக் மட்டும் பாக்கி, முன்னால் வைத்திருந்தவர் கொண்டுபோகவே இல்லை. டீலரிடம் பதினோரு நாள் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அதுவரை முன் சீட்டில் யாரையும் உட்கார வைக்காதே, ரூம் மேட் எல்லாரும் பின்னால்தான் என்றேன். சரி மாமா என்றான். பன்னிரண்டாம் நாள் காலையில், வின் எண் போட்டுப் பார்த்த பக்கத்தின் படம் வாட்சாப்பில் வந்தது. பாக்கி ரீகால் 0.